அப்பா பெயரில் ஓர் ஆராய்ச்சி

திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டைப் பாஸஞ்சர் ஏறி, ஜன்னலோரம் இடமும் கிடைத்துவிட்டால் அன்றைக்கு நல்ல தினம் என்று அர்த்தம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் என்று ஒவ்வொன்றாக வரும். கல்லிடைக்குறிச்சியில் யாராவது ஒருவர் அப்பளக் கட்டோடு ஏறுவார். அப்புறம் தாமிரபரணியைத் தாண்டினால் அம்பாசமுத்திரம். அதற்கும் அப்பால் ஆழ்வார்குறிச்சி. இறங்கியவுடன் மேற்கே மலை எதிர்கொண்டு அழைக்கிறது. சிவசைலத்துப் பரமகல்யாணி அம்மன் பெயரில் ஒரு காலேஜ், மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக் கழகத்தின் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையம், கடனா நதிப் பாசனத்து வயல்கள். சிறிய ஊர்தான். ஆனால் படிப்பு சம்பந்தமான பேச்சு என்றால் காது கொடுத்துக் கேட்கிற ஊர்.

நான் போனது ஒரு வளைகாப்புக்கு. வளையல் எல்லாம் அடுக்கி, சித்திரான்னங்களும் பரிமாறி முடிந்த பிற்பாடு, வெற்றிலையோடு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போனேன். அங்கேதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். முப்பத்து நான்கு வயது. சென்னையில் ஓர் என்ஜினீயரிங் காலேஜில் வாத்தியார் வேலை. லீவுக்குப் பிறந்த வீடு வந்திருக்கிறாள். மடியில் லாப்டாப், முகத்தில் கவலை. அவள் பெயரை எழுதலாமே என்று நீங்கள் கேட்கலாம். எந்தப் பெயரை எழுதுவது என்பதில்தான் தகராறு. இந்த வாரத்துக் கதையே அதுதான்.

இன்னும் பத்து நாளில் அவளுக்கு ஓர் இன்டர்வியூ. இதைவிடப் பெரிய இடம், நிரந்தர உத்தியோகம். விண்ணப்பத்தோடு ஒரு பக்கக் கணக்கு கேட்டிருக்கிறார்கள். இதுவரை எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறாய், அவற்றைப் பிற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை தடவை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள், உன்னுடைய எச் எவ்வளவு?

"எச்சா? ரத்தக் கொதிப்பு மாதிரி ஏதாவதா?" என்று கேட்டேன்.

"அதே மாதிரிதான். கூடினால் டாக்டருக்குச் சந்தோஷம் இல்லை, இதில் கூடாவிட்டால் எனக்குச் சந்தோஷம் இல்லை" என்றாள்.

முதலில் அவள் செய்கிற ஆராய்ச்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். மனிதர்–கணினி ஊடாட்டம் என்று அதற்குப் பெயர். பெயர்தான் கரடுமுரடு. விஷயம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மெஷின் ஒன்று, மனுஷி ஒருத்தி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள், எங்கே புரியாமல் முட்டிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றிய சாஸ்திரம். இவள் எடுத்துக்கொண்டது, வயதான பெண்கள் செல்போனில் பணம் அனுப்பும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது. முதல் பரிசோதனை, வீட்டிலேயே இருக்கும் ஆச்சி மேல்.

எண்பத்தொரு வயது ஆச்சி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "நான் அமுக்குனா அது கேக்க மாட்டேங்கு. இவ அமுக்குனா உடனே கேக்கு. அதுக்கும் வயசானவ மேல எளக்காரம்!"

ஆச்சி சொன்னதில் பாதி உண்மை. செல்போன் கண்ணாடி, விரலின் ஈரப்பதத்தையும் மின்சாரத்தையும் வைத்துத்தான் தொடுகையை உணர்கிறது. வயதாக ஆக விரல் நுனி வறண்டு போகிறது. கண்ணாடிக்குக் காது கேட்காமல் போகிறது. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் பாட்டிமார் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்திருக்கிறோமே, அங்கேயும் தேய்ந்த விரலுக்குத்தான் இந்தக் கஷ்டம்.

மற்றப் பாதிக்கு 1954-இல் பால் பிட்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தகடுகளை மேஜையில் வைத்து, ஓர் எழுத்தாணியால் மாறி மாறித் தட்டச் சொன்னார். தகடு தூரமாகவும் குறுகலாகவும் இருந்தால் தட்ட நேரமாகிறது. கிட்டத்தில் அகலமாக இருந்தால் சீக்கிரம். இவ்வளவுதான். இதற்கு ஆராய்ச்சி எதற்கு, என் சமையலறை அலமாரியைப் பார்த்தாலே தெரியுமே என்று சொல்லத் தோன்றுகிறது. உப்பு ஜாடி கைக்கு எட்டுகிற இடத்தில் வாய் அகலமாக இருக்கிறது. ஜாதிக்காய் டப்பா மேல் தட்டு மூலையில் கிடக்கிறது. ஆனால் எவ்வளவு தூரத்துக்கு, எவ்வளவு அகலத்துக்கு, எத்தனை நேரம் என்று சூத்திரமாகப் போட்டுக் காட்டினார், பாருங்கள், அங்கேதான் சாமர்த்தியம். 1978-இல் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டூவர்ட் கார்டும் அவருடைய கூட்டாளிகளும் கம்ப்யூட்டரின் "மவுஸ்" என்னும் சுண்டெலிக்கு இந்தச் சூத்திரத்தைப் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தியது. அன்றிலிருந்து பட்டன் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் எல்லோரும் பிட்ஸ் பெயரைச் சொல்லாமல் பேசுவதில்லை. அவரோ 1965-லேயே காலமாகிவிட்டார். தம் விதியைக் கொண்டு உலகம் எத்தனை பட்டன் செய்யப் போகிறது என்று அவருக்குத் தெரியாது.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் தம் கட்டுரையில் பெயர் சொல்லி எடுத்துக் காட்டுவதை மேற்கோள் என்கிறார்கள். இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வந்தது? முதலில் வக்கீல்களுக்கு! சிகாகோவில் பிராங்க் ஷெப்பர்டு என்று ஒருவர் 1873-இல் ஒரு வியாபாரம் ஆரம்பித்தார். ஒரு கோர்ட்டுத் தீர்ப்பைப் பிற்பாடு எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக் காட்டின என்று பட்டியல் போட்டு, பின்புறம் பசை தடவிய சிறு காகிதங்களில் அச்சிட்டு விற்றார். வக்கீல்கள் அவற்றை நனைத்துச் சட்டப் புத்தகத்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். கிழிந்த நோட்டு ஒட்டுகிற மாதிரியான இந்த வேலையைப் பார்த்துத்தான் யூஜின் கார்பீல்டு என்பவர், விஞ்ஞானத்துக்கும் இப்படி ஏன் செய்யக் கூடாது என்று 1955-இல் "சயன்ஸ்" பத்திரிகையில் எழுதினார். 1964-இல் விஞ்ஞான மேற்கோள் அகராதியைக் கொண்டும் வந்தார். கட்டுரைகளைத் தேடுவதற்கு வழிகாட்டியாகத்தான் அவர் அதைச் செய்தார். ஆளை எடை போடுகிற தராசாக அது பின்னால் ஆனது.

இதற்கெல்லாம் முன்னே நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருந்திருக்கிறார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராகப் போனவர். கணக்கு அவரை விடவில்லை. புத்தக சாலைகளின் காரியங்களை எண்ணிக் கணக்கிட்டு ஆராய்வதற்கு "லைப்ராமெட்ரி" என்ற ஒரு துறை வேண்டும் என்று 1948-இல் இங்கிலாந்தில் லீமிங்டன் ஸ்பா என்ற ஊரில் நடந்த மாநாட்டில் யோசனை சொன்னார். அவரிடம் மறுபடியும் வரப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது யாரும் பசைக் காகிதம் ஒட்டுவதில்லை. 2004-இல் கூகிள் ஸ்காலர் வந்தது. பிகானீரில் பிறந்து கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனுராக் ஆச்சார்யா அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஓர் ஆராய்ச்சியாளரின் பெயரைத் தட்டினால் அவருடைய கட்டுரைகளும், ஒவ்வொன்றுக்கும் எதிரே மேற்கோள் எண்ணிக்கையும் வந்து நிற்கின்றன. பக்கத்து வீட்டு மின்சார பில்லைப் பார்க்கிற மாதிரி யார் வேண்டுமானாலும் யாருடையதையும் பார்த்துக்கொள்ளலாம்.

எச் என்பது மறு வருஷம், 2005-இல், ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற கலிபோர்னியாப் பௌதிகப் புரொபஸர் கண்டுபிடித்த கணக்கு. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் என்னை அப்படித்தான் உட்கார வைத்தாள். கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். வரிசை எண்ணையும் மேற்கோள் எண்ணையும் ஒப்பிட்டுக்கொண்டே இறங்க வேண்டும். ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோளாவது இருந்து, ஆறாவதற்கு ஆறு இல்லையென்றால், எச் ஐந்து. ஒரே ஒரு கட்டுரை எழுதி ஆயிரம் மேற்கோள் வாங்கினவருக்கும் எச் ஒன்றுதான்! நூறு கட்டுரை எழுதி ஒன்றையும் யாரும் சீந்தாவிட்டால் எச் பூஜ்யம்.

அவள் கணக்கு இது. 31, 14, 9, 6, 2. எண்ணிப் பாருங்கள், எச் நான்கு. மொத்த மேற்கோள் 62.

"நான்கு என்றால் குறைவா?" என்று கேட்டேன்.

"குறைவுதான். ஆனால் இது நான் இல்லை, என்னில் பாதி" என்றாள். பக்கத்தை மாற்றிக் காட்டினாள். அங்கே வேறொரு பெயர். வேறு ஆறு கட்டுரைகள். 22, 11, 8, 5, 5, 1. எச் ஐந்து. மொத்தம் 52.

இரண்டும் இவளேதான். முதலாவது கல்யாணத்துக்கு முந்தி, தகப்பனார் பெயரோடு எழுதியவை. இரண்டாவது கல்யாணத்துக்குப் பிந்தி, புருஷன் பெயரோடு எழுதியவை. கம்ப்யூட்டருக்குக் கல்யாணப் பத்திரிகை யார் கொடுத்தார்கள்? அது பாட்டுக்கு இரண்டு பெண்கள் என்று தீர்மானித்துவிட்டது. இரண்டையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் 31, 22, 14, 11, 9, 8, 6, 5, 5, 2, 1. எச் ஆறு. மொத்தம் 114. நான்கும் ஐந்தும் ஒன்பது ஆகவில்லையே என்று நான் சண்டைக்குப் போனேன். எச் அப்படிக் கூடுகிற ஜாதி இல்லையாம். ஆனால் இன்டர்வியூவில் உட்காரப் போகிறவர்களின் முன்னால் நான்கு என்று ஒரு காகிதம் இருப்பதற்கும் ஆறு என்று இருப்பதற்கும் நடுவில் ஓர் உத்தியோகமே இருக்கலாம்.

இது அவளுடைய பிழையா? அவளே சொன்னாள்: "நான் படிக்கிற சாஸ்திரமே, ஜனங்கள் தப்புச் செய்தால் குற்றம் அவர்கள் மேல் இல்லை, பாரத்தின் மேல் என்பதுதான். ஆனால் என் பெயரையே ஒரு பாரம் தின்றுவிட்டது."

அந்தப் பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டுரையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது திரையில் இரண்டு கட்டம் வரும். ஒன்றில் முதற்பெயர், மற்றதில் குடும்பப் பெயர். இரண்டாவதைக் காலியாக விட்டால் மேலே நகராது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் காலத்தில் ஊர்ப் பெயரின் முதலெழுத்து, அப்பா பெயரின் முதலெழுத்து, அப்புறம் நம் பெயர். இப்போது ஊர் போய் அப்பா மட்டும் மிச்சம். ஆகையால் ஒருவர் கட்டத்தில் அப்பா பெயரை முழுசாக எழுதுகிறார். இன்னொருவர் இனிஷியல் ஒன்றை மட்டும் போடுகிறார். வேறொருவர் எரிச்சலில் தம் பெயரையே இரண்டு தடவை அடிக்கிறார். ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசாவுக்குப் போனவர்களுக்கு, முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்று எழுத்தைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். தொட்டிலில் மூன்று தரம் கூப்பிட்டு வைத்த பெயர், தெரியவில்லையாம்!

அத்தோடு விட்டதா? மேற்கோள் காட்டுகிறவர்கள் குடும்பப் பெயரை முன்னால் போட்டு, முதற்பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்குவது வழக்கம். விளைவு, நார்வேயிலோ ஜப்பானிலோ ஒருவர் இவளுடைய கட்டுரையை எடுத்துக் காட்டும்போது அப்பா பெயர் முழுசாகவும் இவள் பெயர் வெறும் இனிஷியலாகவும் வருகிறது. இன்னார், வயதான பெண்கள் செல்போனில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறார் என்று அப்பாவைப் பாராட்டி எழுதுகிறார்கள்.

அந்த இன்னார் திண்ணையில் எங்கள் எதிரே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தபாலாபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்று சிரித்தார்.

"இவனா கண்டுபிடிச்சான்?" என்றாள் ஆச்சி, நிலைப்படியில் வந்து நின்று. "கண்ணாடி நெத்தியில இருக்கும்போதே கண்ணாடி எங்கன்னு கேப்பான்!"

இப்போது ரங்கநாதனிடம் வருவோம். புத்தக சாலைக் காரர்தானே, பெயர்களை அகர வரிசையில் அடுக்கியாக வேண்டும். வெள்ளைக்காரன் முறைப்படி கடைசியில் இருப்பதை முன்னே கொண்டு வரலாம். நம் பெயர்களில் கடைசியில் இருப்பது குடும்பப் பெயர் அல்ல, ஆளின் சொந்தப் பெயரே. 1934-இல் அவர் வெளியிட்ட பட்டியல் விதிகளில் இந்த மாதிரிச் சிக்கல்களோடெல்லாம் மல்லுக்கு நின்றிருக்கிறார். அவருடைய முறையில் அவரே ரங்கநாதன் என்று முன்னே நிற்பார்; சீர்காழியும் ராமாமிருதமும் அடைப்புக்குறிக்குள் போய்விடும்; அதற்குப் பின்னால் 1892 என்று பிறந்த வருஷம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆள் குழம்பாமலிருக்க வருஷம். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒருவர் தீர்த்து வைத்த கேள்வி, இன்று கண்ணாடித் திரையில் மறுபடியும் முளைத்து ஓர் ஆழ்வார்குறிச்சிப் பெண்ணின் உத்தியோகத்தைப் பிடித்து ஆட்டுகிறது. இதை நினைக்க எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெயர் மாற்றத்தால் ஆண்களுக்கு இந்த நஷ்டம் அநேகமாக இல்லை. புருஷனும் அதே காலேஜ் படிப்புத்தான். அவர் பிறந்தபோது வைத்த இனிஷியலோடுதான் ரிட்டயர் ஆவார். பெண்ணுக்குத்தான் ரேஷன் கார்டு ஒரு பெயர், ஸர்ட்டிபிகேட் ஒரு பெயர், பாங்கிப் புத்தகம் ஒரு பெயர். இதைப் படிக்கிற சகோதரிகளில் எத்தனை பேர், இரண்டு பேரும் ஒருத்தியே என்று நோட்டரியிடம் போய்ச் சத்தியம் செய்திருக்கிறீர்களோ!

பரிகாரம் இல்லாமல் இல்லை. ஸ்காலரில் சொந்தக் கணக்குத் திறந்து, இதுவும் நான், அதுவும் நான் என்று கட்டுரைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். அன்று சாயங்காலம் அதைச் செய்து முடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. ஏன் முன்பே செய்யவில்லை என்று கேட்டேன். கட்டுரை எழுதினாள், குழந்தை பெற்றாள், வகுப்பெடுத்தாள். எண்ணிப் பார்க்க நேரமில்லை. மேற்கோளை வாரம் ஒரு முறை எண்ணுகிறவர்களும் இருக்கிறார்களாம். அவர்கள் வீட்டில் சமையல் யார் செய்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

இன்னொன்று, 2012-இல் வந்த ஆர்கிட் என்ற பதினாறு இலக்க எண். இலவசம். ஆராய்ச்சி செய்கிற ஒவ்வொருவருக்கும் ஆயுள் முழுவதற்கும் ஒன்று. பெயர் மாறினாலும் காலேஜ் மாறினாலும் எண் மாறாது. கட்டுரையோடு எண்ணையும் சேர்த்து அனுப்பினால் ஆள் குழம்பாது. தபாலாபீஸ்காரருக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. "அட, பின்கோடு!" என்றார். 1972, ஆகஸ்டு பதினைந்தாம் தேதி பின்கோடு வந்ததற்கு முந்தி, ஒரே பெயரில் பத்து ஊர் இருந்தால் கடிதம் எங்கெல்லாம் சுற்றும், விலாசம் புரியாவிட்டால் எப்படி ஆர்.எல்.ஓ. என்னும் திருப்பல் கடித ஆபீஸில் போய்த் தூங்கும் என்று விவரமாகச் சொன்னார். "ஊர் பேரை நீங்க எந்தப் பாஷையில வேணும்னாலும் கிறுக்குங்க. நம்பர் சரியா இருந்தா வந்து சேர்ந்துரும்" என்றார். 2020-ஐ ஒட்டிய வருஷங்களில் பெரிய பதிப்பகங்கள் பலவும், ஏற்கெனவே பிரசுரமான கட்டுரையிலும் ஆசிரியர் பெயரை மாற்றித் தர இணங்கியிருக்கின்றன.

சரி, பெயர் சேர்ந்துவிட்டது. அந்த எண் மட்டும் ஆளைச் சொல்லிவிடுமா? இங்கே இன்னொரு முட்டுக்கட்டை. இவளுடைய துறையில் முக்கியமான கட்டுரைகள் சஞ்சிகைகளில் வருவதைவிட மாநாடுகளில் வருகின்றன. 1982-இல் அமெரிக்காவில் கெய்தர்ஸ்பர்க் என்ற ஊரில் கூடிய கூட்டத்திலிருந்து வளர்ந்தது "கை" என்கிற மாநாடு. நாம் நினைக்கிற கை அல்ல. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் அப்படி ஒலிக்கிறது, பொருத்தமாகவும் இருக்கிறது. அனுப்புகிற கட்டுரைகளில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவ்வளவு கண்டிப்பு. ஆனால் நம் நாட்டுத் தேர்வுக் குழுக்கள் பலவற்றில் மாநாடு என்றால், போய் மாலை வாங்கிக் காப்பி சாப்பிட்டு வருகிற இடம் என்ற நினைப்பு. சஞ்சிகை எங்கே என்று கேட்பார்கள். மற்றப் பக்கம், காசு கொடுத்தால் எதையும் அச்சிடுகிற சஞ்சிகைகள் மழைக்காலத்து ஈசல் மாதிரி கிளம்பின. 2018 மே மாதத்தில் பல்கலைக் கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 சஞ்சிகைகளை ஒரே மூச்சில் நீக்கியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் வேறொரு பட்டியல் போட்டு, அதையும் 2025-இல் கைவிட்டார்கள். டாக்டர் பட்டத்துக்குக் கட்டுரை பிரசுரமாகியே தீர வேண்டும் என்ற கட்டாயம் 2022 விதிகளில் போய்விட்டது. உத்தியோகத்துக்கு எண்ணுவது மட்டும் நின்றபாடில்லை. உலக விஞ்ஞானிகளில் முதல் இரண்டு சதவீதம் என்று வருஷா வருஷம் ஒரு பட்டியல் வருகிறது. வந்த மறுநாள் காலேஜ் வாசலில் பிளெக்ஸ் பானர். தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொண்டதைக் கழித்தால் எவ்வளவு என்றும் அதே பட்டியலில் ஒரு கணக்கு இருக்கிறது. பானரில் அது இருக்காது.

இந்தத் துறையிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிற இரண்டு எழுத்துக்களைப் பற்றி அவள் சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. முதலாவது, மார்க் வைசர் 1991-இல் எழுதியது. கம்ப்யூட்டர்கள் கண்ணுக்கே தெரியாமல் சுவரிலும் மேஜையிலும் கலந்துவிடும் என்று சொன்ன கட்டுரை. அது வந்தது எதில்? "சயன்டிபிக் அமெரிக்கன்" என்ற, கடையில் காசு கொடுத்து ஜனங்கள் வாங்குகிற பத்திரிகையில்! பத்திரிகை எழுத்து என்றால் உதட்டைப் பிதுக்குகிற புரொபஸர்களுக்கு இந்த வரியை மட்டுமாவது கத்தரித்து அனுப்ப உத்தேசம்.

இரண்டாவது, ஜான் புரூக் என்ற ஆங்கிலேயர் 1986-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் வேலை பார்த்தபோது தயாரித்த பத்துக் கேள்விகள். இதை அடிக்கடி உபயோகிக்க விரும்புவீர்களா, தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறதா என்ற தினுசில், ஒன்று புகழ்வதாகவும் அடுத்தது குறை சொல்வதாகவும் மாறி மாறி வரும். எதற்கும் தலையாட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அரைகுறை அவசர அளவுகோல் என்று அவரே தலைப்பில் கேலி செய்திருந்தார். 1996-இல் ஒரு புத்தகத்தின் நடுவே வெளிவந்தது. இன்று ஆயிரமாயிரம் கட்டுரைகள் அதைக் காட்டுகின்றன. பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் கையில் எடுக்கச் சௌகரியமாக இருந்தது. நல்ல அரிவாள்மணை மாதிரி.

மேற்கோளே இல்லாமல் கையில் புழங்குகிற சாமான்களும் உண்டு. தமிழ் 99 என்ற விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி வந்து, அரசாங்கத்தின் அங்கீகாரமும் பெற்றது. உயிரெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், மெய்யில் பெரும்பகுதி வலது கைப் பக்கம். இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். 'ந' வைத் தட்டி 'த' வைத் தட்டினால் நடுவில் புள்ளி தானே வந்து உட்காரும். நம் மொழியில் எந்த எழுத்தின் பின் எது வரும் என்று தெரிந்த மனிதர்கள் யோசித்துச் செய்த காரியம். இதை வைத்து ஒருவர் கடிதம் எழுதும்போது யார் பெயரிலும் ஒரு மேற்கோள் ஏறுவதில்லை.

சென்னையில் சுப்பையா அருணாசலம் என்ற அறிஞர், இந்திய விஞ்ஞானிகளின் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பல்லாண்டு காலம் எண்ணி ஆராய்ந்தவர். அவரே எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, புதுச்சேரிக் கிராமங்களில் 1998-இல் தொடங்கிய அறிவு மையங்களிலும் பங்கெடுத்தார். மீனவர் குப்பங்களில் கம்ப்யூட்டரில் வந்த அலை உயரச் செய்தியை ஒலிபெருக்கியில் படிப்பார்கள். திரையைப் பார்க்கத் தெரியாதவர்களுக்கும் காது உண்டல்லவா? 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை, அந்த மையம் ஒன்று இருந்த நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரிலிருந்து ஊர்ப் பிள்ளை ஒருவன் போன் பண்ணி, கடல் வருகிறது என்று எச்சரித்தான். மையத்து ஒலிபெருக்கியில் அலறினார்கள். 3,000 பேருக்கு மேற்பட்ட ஊர் ஓடிப் பிழைத்தது. அந்த ஒலிபெருக்கிக்கு எச் எவ்வளவு என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

எண்ணுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எண்ணாத காலத்தில் யார் யாருக்கு மைத்துனன் என்று பார்த்து வேலை கொடுத்தார்களே, அதைவிட இது மேல். சிபாரிசுக்கு ஆளில்லாத பெண்ணுக்கு எண்தான் சிபாரிசு. அதனால்தான் அந்த எண் பாதியாகப் பிளந்து கிடக்கும்போது அடிவயிற்றில் நெருப்பு.

மறுநாள் காலையில் விண்ணப்பம் தயாராகிவிட்டது. கம்ப்யூட்டரில் அனுப்பினது போதாதென்று காகிதப் பிரதியும் கேட்டிருந்தார்கள். மேலே எந்தப் பெயர் போடுவது என்று ஒரு சிறு சபை கூடியது. புருஷன் சென்னையிலிருந்து போனில், "உன் இஷ்டம்; என் பெயர் இல்லாமலும் எனக்குச் சாப்பாடு போடுவாய் என்று நம்புகிறேன்" என்றார். அவள் தன் பெயரை மட்டும் முழுசாக எழுதி, கீழே அந்தப் பதினாறு இலக்கத்தையும் எழுதினாள். கட்டுரைப் பட்டியலில் பதினொன்றும் ஒரே வரிசையில் நின்றன.

உறையை நானே எழுதுகிறேன் என்று அப்பா வாங்கிக்கொண்டார். தபாலாபீஸ் கையெழுத்து, அச்சுக் கோத்த மாதிரி. பெறுநர் முடிந்து அனுப்புநருக்கு வந்தபோது பேனா ஒரு கணம் நின்றது. அப்புறம் மகள் பெயரை எழுதி, ஆழ்வார்குறிச்சி என்று எழுதி, பின்கோடு போட்டு, கீழே கோடு இழுத்தார்.

"இனிஷியல்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? நம்பர்தான் இருக்கே" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். ஸ்பீட் போஸ்ட் கட்டு கிளம்புவதற்குள் போக வேண்டுமாம்.